மைமூன் பீவியின் கறுப்பு ஸ்டவ்

எங்கள் வியாபாரிகள் சங்கம் மலர் போடுகிறதாம். "அந்தக் காலத்துச் சாமானெல்லாம் எப்படி உழைச்சதுன்னு நாலு பக்கம் எழுதிக் குடுங்க, பெரியவரே" என்று ஒரு தம்பி வந்து கேட்டார். மின்சாமான் கடை வைத்திருக்கும் தம்பி. என் வீட்டு இஸ்திரிப் பெட்டியை ரிப்பேருக்கு வாங்கிப் போனவரும் அவரேதான். கேட்ட கையோடு அந்தப் பெட்டியைத் திருப்பி என் மடியில் வைத்து, "இதை ரிப்பேர் பண்ற நேரத்துக்குப் புதுசே வாங்கிரலாங்க" என்றார். வாங்கி ஒரு தீபாவளி முடிந்து மறு தீபாவளி வரவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அதே பெட்டியைச் சூடு பண்ணி அவருடைய சட்டையைத் தேய்த்துவிட்டிருப்பேன். அதுதான் சூடாகவில்லையே.

சரி, எழுதுகிறேன். ஆனால் தம்பி எதிர்பார்க்கிற மாதிரி எழுத மாட்டேன். அந்தக் காலத்துச் சாமான் உழைத்தது என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். உழைத்தது உண்மை. அப்படி உழைத்ததால் நாங்கள் பட்ட பாட்டைத்தான் யாரும் கேட்பதில்லை.

நான் சமயநல்லூர்க்காரன், பெயர் கருப்பையா. எங்கள் வீட்டில் எல்லோரும் அடுத்தவர் வயலில் இறங்கி வேலை பார்த்தவர்கள். வயல் வேலையில் எனக்கு இருந்த திறமையைப் பார்த்து, இவனை டவுனுக்கு அனுப்புவது வயலுக்கு நல்லது என்று என் அய்யா முடிவு செய்தார். தெற்குமாசி வீதியில் அமீர்பாட்சா ராவுத்தர் கடையில் சேர்த்துவிட்டார்கள். ஸ்டவ், அரிக்கேன் விளக்கு, கியாஸ் லைட் விற்கிற கடை. முதல் சில வருடங்கள் பித்தளை துலக்கினேன். அதற்குமேல் அந்த வருடங்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. துலக்கினேன், அவ்வளவுதான். பிறகு ஸ்டவ் பிரித்து மாட்டக் கற்றுக்கொண்டு கடையின் மெக்கானிக் ஆனேன்.

முதலாளி ராவுத்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நெடுநெடுவென்று உயரம், வெள்ளைத் தொப்பி, காதோரம் எப்போதும் ஒரு பிரஷ். அவர் கடையில் சாமான் வாங்குவது சுலபமில்லை. விலை என்ன என்று கேட்டு ஒருவர் உள்ளே வந்தால் விலையைச் சொல்ல மாட்டார்.

"உக்காருங்க. வீட்ல எம்புட்டுப் பேரு?" என்பார்.

அந்தக் கேள்விக்குப் பதில் வந்தால்தான் மற்றதெல்லாம். பிறகு ஒரு பித்தளை ஸ்டவ்வை எடுத்து வைப்பார். கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிப் பற்றவைத்து, அது எரிந்து தணிகிற தருவாய்க்காகக் காத்திருப்பார். அவசரப்பட்டு பம்ப் அடித்தால் மஞ்சள் தீ கூரையைத் தொடும். தாமதித்து அடித்தால் பச்சை மண்ணெண்ணெய் நாற்றம் வரும். சரியான நேரத்தில் அடித்தால் நீலத் தீ விரிந்து 'உஸ்' என்று இரையும். அந்தச் சத்தம் கேட்டதும் முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டும், பேரன் பாஸாகிவிட்டான் என்று சேதி வந்தது போல இருக்கும். அதில் டீ போட்டு வாடிக்கையாளருக்குக் கொடுப்பார். அவர் டீ குடித்து முடிப்பதற்குள் தீயை அணைத்து, தொட்டியில் காற்றை அடைத்து, வாளித் தண்ணீரில் முக்கிக் காட்டுவார். ஒரே ஒரு கொப்புளம் கிளம்பினாலும் அந்த ஸ்டவ் விற்பனைக்கு இல்லை.

கடைசியாகத்தான் 'மையவாடி'. முஸ்லிம்கள் அடக்கஸ்தலத்தை அப்படித்தான் சொல்வார்கள்.

கடையின் பின்சுவரில் ஒரு பலகை அடித்து, செத்துப்போன தகர ஸ்டவ்களை வரிசையாக வைத்திருந்தார். அப்போது தகரச் சாமான்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கின. எது வந்தாலும் 'ஜப்பான் சாமான்' என்றுதான் ஜனங்கள் சொல்வார்கள். எங்களுக்கு நேர் எதிரே ஒருவர் அந்தச் சாமான்களைக் குவித்து வைத்து, "கெட்டாத் தூக்கிப் போடுங்க, புதுசு வாங்குங்க!" என்று பாட்டுப் பாடாத குறையாகக் கூவி விற்றார். அவருக்கு ரெங்கசாமி என்று பெயர். தகரத்துக்குக் கறுப்பு வார்னிஷ் அடித்து நடுவில் ஒரு சிவப்புக் கோடு போட்ட ஸ்டவ் அவரிடம் சக்கைப்போடு போட்டது. தொட்டி ஓட்டையாகி அவை குப்பைக்குப் போகும்போது எங்கள் முதலாளி ஆள் விட்டுப் பொறுக்கிவரச் சொல்லுவார். "வாங்க, மையவாடிக்குப் போயிட்டு வருவோம்" என்று வாடிக்கையாளரைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், "இவர் ஒரு மழைக்குத் தாங்கல. இவர் ரம்ஜானுக்கு வந்தார், பக்ரீதுக்குப் போயிட்டார்" என்று ஒவ்வொன்றின் வாழ்க்கை வரலாற்றையும் சொல்லுவார். துக்கம் விசாரித்த முகத்தோடு திரும்பி வருகிறவர் பித்தளை ஸ்டவ்தான் வாங்குவார். அதன் தொட்டியில் வாங்குகிறவர் பெயரை உளியால் புள்ளி புள்ளியாக முதலாளியே வெட்டிக் கொடுப்பார். "இது உங்க பேரன் காலத்துக்கும் ஓடும். ரிப்பேருன்னா நம்ம கருப்பையா வீட்டுக்கே வருவான்" என்பார். என்னைக் கேட்காமலே என் ஆயுசையும் சேர்த்து விற்றுக்கொண்டிருந்தார்.

அப்படி வாங்கியவர்களில் ஒருவர்தான் மைமூன் பீவி.

கடைக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. புருஷன் இறந்துபோய், ஜைத்தூன் என்ற மகளை வைத்துக்கொண்டு காலையில் ஆப்பம் சுட்டு ஜன்னல் வழியாக விற்றார். அந்த ஆப்பத்தில்தான் அந்த வீடு நடந்தது. ஈர விறகோடு போராட முடியாமல் ரெங்கசாமியிடம் ஒரு தகர ஸ்டவ் வாங்கினார். அது போனது. இன்னொன்று வாங்கினார். அதுவும் போனது. மூன்றாவது ஒரு நாள் காலையில் குபீரென்று தீப்பிடித்து, மாவுப் பானையோடு அடுப்பங்கரைக் கதவும் கருகியது. அதன்பிறகு வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எங்கள் கடைப் பித்தளை ஸ்டவ்வை வாங்கிவிட்டார்.

வெளி ஆண்கள் முன்னால் பெண்கள் வராத கோஷா வீடுகளில் ரிப்பேர் பார்க்கிற முறை தனி. வாசல் நடையில் நான் உட்கார்ந்துகொள்ள வேண்டும். கதவுக்குப் பின்னால் திரை. திரைக்கு அடியிலிருந்து ஒரு கை ஸ்டவ்வைத் தள்ளும். நான் பிரித்துப் பார்த்துத் திரையிடம் விவரம் சொல்லுவேன், திரை எனக்குப் பதில் சொல்லும். மைமூன் பீவியின் முகத்தை நான் கடைசிவரை பார்த்ததில்லை. ஆனால் அவருடைய ஸ்டவ்வை அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஸ்டவ் எனக்குப் புதிராக இருந்தது. பம்ப்பில் இருக்கிற தோல் வாஷர் காலையில் மட்டும் ஆப்பம் சுடுகிற வீட்டில் நெடுநாள் உழைக்க வேண்டும். இங்கே நான் மாற்றிக்கொண்டே இருந்தேன். பர்னரில் ஒரு தடவை நெய்யும் கிராம்புமாக பிரியாணி வாசனை அடித்தது. இன்னொரு தடவை சர்க்கரைப் பாகு வழிந்து கல்லாக இறுகிக் கிடந்தது.

"அக்கா, ஆப்பத்துக்கு அல்வா ஊத்துறீங்களா?" என்று திரையைக் கேட்டேன்.

திரைக்கு அடியிலிருந்து கை நீண்டு ஸ்டவ்வை இன்னும் என் பக்கம் தள்ளியது. பிறகு, "தம்பி, முதலாளிகிட்ட ஒண்ணு சொல்லுவீகளா? இந்த ஸ்டவ்வை எடுத்துக்கிட்டு எனக்கு ஒரு கெட்டுப்போற ஸ்டவ் குடுக்கச் சொல்லுங்க" என்றது.

நான் கடைக்குப் போய் அதை அப்படியே சொன்னேன். முதலாளி காதோரத்து பிரஷ்ஷை எடுத்துக் கீழே வைத்தார். அவர் கடைச் சாமானைக் குறை சொன்னவர்கள் உண்டு, விலையைக் குறை சொன்னவர்கள் உண்டு. கெட்டுப்போகவில்லையே என்று திருப்பிக் கொடுத்தவர் அதுவரை கிடையாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நேராக அந்தச் சந்துக்குக் கிளம்பினார். வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

"என்னம்மா குறை கண்டீங்க எங்க ஸ்டவ்வுல?"

"ஒரு குறையும் இல்லண்ணே. அதுதான் குறை" என்றது திரை. "நல்லா எரியுது, பளபளன்னு இருக்கு, வெடிக்காதுன்னு எல்லாருக்கும் தெரியும். யார் வீட்ல விசேஷம்னாலும் எங்க வீட்டு வாசல்லதான் வந்து நிக்கிறாக. பேரு வேற வெட்டிக் குடுத்துட்டீகளா, தொலைஞ்சு போகாது, எப்படியும் வந்து சேந்துரும்னு சொல்லியே வாங்கிட்டுப் போறாக. சேந்துருதுதான். ஆனா காலையில மாவைக் கரைச்சு வச்சுட்டு நான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கேன், ஸ்டவ் மூணாவது தெருவுல நெய்ச்சோறு ஆக்கிக்கிட்டு இருக்கு."

"குடுக்க முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"சொல்லலாம்ணே. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா ஓடி வரப்போறதும் அவுகதானே."

முதலாளி விடவில்லை. "ஒரு சாமான் நம்ம பிழைப்புக்கு இருக்கு. அதைக் கேக்குறவங்களுக்கும் ஒரு இங்கிதம் வேணாமா? யாரு அப்படிக் கேக்குறது, சொல்லுங்க, நான் பேசுறேன்."

திரை தயங்கியது. பிறகு மெதுவாக, "போன வாரம் உங்க வீட்டு மதினிதான் வாங்கிட்டுப் போனாகண்ணே" என்றது.

நான் ஸ்டவ் திருகாணி எதையோ தேடுகிறவன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டேன். சிரித்தால் வேலை போய்விடும். ஊருக்கெல்லாம் ஸ்டவ் விற்கிற வீட்டில் இரவல் ஸ்டவ்! முதலாளியின் மனைவி வைத்திருந்த சொந்த ஸ்டவ்வை அவர் தம்பி வீட்டுக்கு இரவல் வாங்கிப் போய்விட்டார்களாம். முதலாளி தொப்பியைக் கழற்றித் தட்டி மறுபடி போட்டுக்கொண்டார்.

"தகர ஸ்டவ்வை மட்டும் யாரும் கேக்க மாட்டாக, தெரியுமா?" என்று திரை தொடர்ந்தது. "எங்கிட்ட மூணு இருந்துச்சே, ஒருத்தர் கேட்டதில்ல. அது இருந்த வரைக்கும் என்னோடதா இருந்துச்சு."

அப்போது உள்ளேயிருந்து சின்னக் குரல் ஒன்று வந்தது. மகள் ஜைத்தூன். "ஏன் மாமு, இந்தப் பித்தளையையே தகரம் மாதிரி ஆக்க முடியாதா? கறுப்பு அடிச்சு, சிவப்புக் கோடு போட்டு?"

முதலாளி முகத்தை நான் அப்போது பார்த்தேன். பெற்ற பிள்ளைக்குக் கரி பூசச் சொன்னது போல இருந்தது. திரும்பிக் கடைக்கு நடந்தார். கடைக்கு வந்து உட்கார்ந்து, ஒரு புது ஸ்டவ்வை எடுத்துத் துடைத்தார், இன்னொன்றைத் துடைத்தார், துடைத்ததையே திரும்பத் துடைத்தார். மாலை அசர் தொழுகைக்குப் போய்விட்டு வந்தபிறகு என்னைக் கூப்பிட்டு, "மாப்ள, டிரங்குப் பெட்டிக்கு அடிக்கிற கறுப்பு வார்னிஷ் கொஞ்சம் வாங்கிட்டு வா. இந்தப் பேச்சு உனக்கும் எனக்கும் அந்த வீட்டுக்கும் நடுவுல இருக்கட்டும்" என்றார்.

வேலையை நான்தான் செய்தேன். பித்தளையில் வார்னிஷ் சுலபமாக ஒட்டாது. மணல்தாளால் பளபளப்பைக் கொல்ல வேண்டும். அந்தச் சரசரப்பைக் கேட்கப் பொறுக்காமல் முதலாளி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். வெட்டியிருந்த பெயரை மெழுகால் அடைத்து, மேலே இரண்டு கை கறுப்பு அடித்துக் காயவைத்தேன். நடுவில் சிவப்புக் கோடு. பர்னரும் பம்ப்பும் வாஷரும் பழையபடியே முதல் தரம். எடுத்துத் தூக்கிப் பார்த்தால்தான் கனம் சொல்லும். பார்வைக்கு அச்சு அசல் ரெங்கசாமி கடைச் சரக்கு.

அன்றிலிருந்து மைமூன் பீவியின் ஸ்டவ் வீட்டைவிட்டு அசையவில்லை. நல்ல ஸ்டவ் என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம், "முன்ன இருந்த மாதிரி இல்ல" என்று சொன்னாராம். பொய்யும் இல்லை. விடிந்தால் ஜன்னலில் ஆப்பம் இருந்தது. வியாபாரம் பெருகியது. ஜைத்தூன் தனியாக இடியாப்பமும் அவிக்க ஆரம்பித்தாள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ரெங்கசாமி தினமும் அந்த ஜன்னலில் ஆப்பம் வாங்குகிறவர். ஒரு நாள் உள்ளே கறுப்பாக, சிவப்புக் கோட்டோடு ஒரு ஸ்டவ் இரைவதைப் பார்த்திருக்கிறார். அந்த அம்மா தன்னிடம் மூன்று வாங்கியவர் என்பது ஞாபகம் வந்திருக்கிறது. மறுநாளும் பார்த்தார். மறு வருடமும் பார்த்தார். மனுஷனுக்குத் தன் சரக்கின் மேல் முதல்முறையாக மரியாதை வந்துவிட்டது. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை, மனதார நம்பினார். வாடிக்கையாளர் யாராவது "தகரம் நிக்குமா?" என்று இழுத்தால், "சந்துக்குள்ள போய் மைமூன் அம்மா ஜன்னல்ல எட்டிப் பாருங்க! வருசக் கணக்கா ஓடுது, நம்ம கடைச் சாமான்!" என்று ஆளை அனுப்பினார். போனவர்கள் ஆப்பமும் தின்றுவிட்டு, நேராக வந்து தகர ஸ்டவ் வாங்கிப் போனார்கள். நல்ல வாடிக்கையாளர் என்று தீபாவளிக்கு மைமூன் பீவிக்கு ஒரு பொட்டலம் மிட்டாய் வேறு.

எங்கள் கடையில் முதலாளி வழக்கம்போல மையவாடிக்கு ஆளை அழைத்துப் போனால், வந்தவர் செத்த ஸ்டவ்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அது சரி ராவுத்தரே, ஆப்பக்கார அம்மா வச்சிருக்கிறது மட்டும் எப்படி இம்புட்டு வருசம் ஓடுது?" என்று கேட்பார். முதலாளி காதோரத்து பிரஷ்ஷை எடுத்துத் திரும்பச் செருகிக்கொள்வார். "அது... அவங்க கைராசி" என்பார். தான் விற்ற ஸ்டவ்வைக் காட்டியே எதிரில் ஒருவர் தகரம் விற்றுக்கொண்டிருக்க, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்பேர்ப்பட்ட தண்டனை! ஒரு நாள் நான் பொறுக்காமல், "முதலாளி, ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லிரலாம்ல?" என்றேன்.

"சொன்னா நாளைக்கே மூணாவது தெருவுக்கு நெய்ச்சோறு ஆக்கப் போயிரும்டா மாப்ள" என்றார். எனக்கு அந்த மனுஷர் மேல் இருந்த மரியாதை அன்றைக்குத்தான் பிரியமாக மாறியது. அதை அவரிடம் சொன்னதில்லை, இங்கே சொல்லிக்கொள்கிறேன்.

பிறகு யுத்தம் வந்தது. கப்பல் நின்றது. ரெங்கசாமியின் கடையில் தகரம் வரவில்லை, எங்கள் கடையில் பித்தளை வரவில்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து ஈ ஓட்டினார்கள். புது பம்ப் ஸ்டவ் காசு கொடுத்தாலும் மதுரையில் கிடைக்காத காலம். அப்போது பார்த்து ஜைத்தூனுக்கு ஒத்தக்கடையில் மாப்பிள்ளை அமைந்தது. பையன் மாவு மில்லில் வேலை, தங்கமான குணம். பையனின் தாயார் சபூரா அம்மாள் நகை நட்டு என்று பெரிதாகக் கேட்கவில்லை. சீரில் ஒரு பித்தளை பம்ப் ஸ்டவ் இருக்க வேண்டும், அது மட்டும் போதும் என்றார். பம்ப் ஸ்டவ் இருக்கிற வீடு என்று நாலு பேர் சொல்ல வேண்டுமாம். மைமூன் பீவி சரி என்றுவிட்டார். மூட்டு வலியால் அவருக்குக் காலை வியாபாரம் முடியாமல் போயிருந்தது. அங்கே மேலூர் ரோட்டில் வண்டிகள் நின்று போகிற இடத்தில் ஜைத்தூன் ஆப்பக்கடை போடட்டும், ஸ்டவ் அவளோடு போகட்டும் என்று தாயும் மகளும் பேசி வைத்திருந்தார்கள். இதெல்லாம் எனக்கும் முதலாளிக்கும் அப்போது தெரியாது.

நிக்காஹ் அன்று சந்தில் பந்தல். சீர்த் தட்டுகள் வரிசையாக இருந்தன. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர்கள் கடைசித் தட்டில் நின்றுவிட்டார்கள். பட்டுத் துணி விரித்து, அதன் நடுவே கறுப்பாக, சிவப்புக் கோட்டோடு நம்ம ஸ்டவ்.

"இதுவா பித்தளை ஸ்டவ்வு?" என்று சபூரா அம்மாளின் குரல் பெண்கள் பக்கத்துத் திரையைத் தாண்டி ஆண்கள் பக்கம் வரை வந்தது. "கூவிக் கூவி வித்த தகர டப்பாவைச் சீருன்னு வைக்கிறாகளே! எங்களைப் பார்த்தா எப்படித் தெரியுது? எந்திரிங்கடி, போவோம்!"

பந்தல் ஸ்தம்பித்துப் போனது. நிக்காஹ் ஓத வந்த ஆலிம்சா துவாவை ஆரம்பிக்கக் கையைத் தூக்கியவர் பாதியில் நிறுத்தினார். மாப்பிள்ளைப் பையன் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். மைமூன் பீவியின் குரல் திரைக்குப் பின்னால் என்னவோ சொல்ல முயன்றது. யார் காதிலும் விழவில்லை. விருந்துக்கு வந்திருந்த ரெங்கசாமி வேறு, "தகரம்னு லேசா நினைக்காதீங்கம்மா, பத்து வருசத்துக்கு நான் ஜவாப்தாரி!" என்று எழுந்து நின்று நிலைமையைக் கெடுத்தார்.

முதலாளி எழுந்தார். இத்தனை வருடம் அடக்கி வைத்திருந்தது மொத்தமும் அவர் முகத்தில் தெரிந்தது.

"மாப்ள! மண்ணெண்ணெய், செங்கல் பொடி, தேங்காய் நார்! ஓடு!"

நான் ஓடி வருவதற்குள் ஸ்டவ்வைப் பந்தலின் நடுவில் கொண்டுவந்து வைத்து, கல்யாணத்துக்கு என்று போட்டிருந்த சட்டையின் கையை மடித்துவிட்டிருந்தார். கத்தியால் வார்னிஷைச் சுரண்டினார். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்தார். எழுபதை நெருங்குகிற மனுஷர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கத் தேய்த்தார். நான் உதவிக்குக் கை நீட்டினால் கையைத் தட்டிவிட்டார். முதலில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சள் தெரிந்தது. பிறகு உள்ளங்கை அகலம். பிறகு மெழுகு கழன்று புள்ளி புள்ளியாக 'மைமூன் பீவி' என்ற பெயர் கிளம்பியது. கடைசியாக ஈரத் துணியால் ஒரு துடை துடைத்துத் தூக்கிப் பிடித்தார். பந்தலில் தொங்கிய கண்ணாடி உருண்டைகளெல்லாம் அதன் வயிற்றில் தெரிந்தன.

"பித்தளை!" என்றார். "என் கடைச் சாமான்!" ரெங்கசாமி பக்கம் திரும்பி, மறுபடியும், "என் கடைச் சாமான்!" என்றார். ரெங்கசாமி வாயைத் திறந்தபடியே உட்கார்ந்துவிட்டார். பாவம், அவருடைய வாழ்நாள் பெருமை அது ஒன்றுதான்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஜனங்கள் 'மாஷா அல்லா' என்றார்கள். சபூரா அம்மாளின் குரல் சட்டென்று தேனாக மாறி, "ஏன்மா, இதை முதல்லயே சொல்லக் கூடாதா!" என்றது. முதலாளி ஸ்டவ்வைத் திரைக்கு அடியில் நகர்த்தி வைத்துவிட்டு, "என்னம்மா ஜைத்தூன், உன் மானத்தைக் காப்பாத்திட்டேன்ல?" என்றார்.

திரைக்குப் பின்னால் கல்யாணப் பெண் விசும்புகிற சத்தம் கேட்டது. "உங்களை யாரு மாமு தேய்க்கச் சொன்னது?" என்றாள். "அது கறுப்பாவே இருக்கட்டும்னு நான்தானே சொல்லி வச்சிருந்தேன்! அங்க போயும் ஆப்பம் சுடணும்ல நான்? மாமியார்கிட்ட தனியாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். இப்ப ஊரே பார்த்துருச்சு. போச்சு!"

அவள் சொல்லி வாய் மூடவில்லை, மாப்பிள்ளை வீட்டுப் பெண்களில் ஒருத்தி அதே திரைக்குப் பின்னால், "சபூரா மதினி, வெள்ளிக்கிழமை எங்க வீட்டுப் பிள்ளைக்குப் பேர் வைக்கிறோம். இதை ஒரு நாளைக்குக் குடுங்களேன்" என்றாள்.

நிக்காஹ் நடந்தது, விருந்து நடந்தது, எல்லோரும் முதலாளியைப் பாராட்டினார்கள். அவர் மட்டும் நெய்ச்சோற்றை அளைந்துகொண்டே இருந்தார். வீட்டுக்குப் போகும்போது, "மாப்ள, நான் அந்தப் பிள்ளை பொழப்பைக் கெடுத்துட்டேனோ?" என்று கேட்டார்.

சில வாரங்கள் போயின. ஒரு நாள் மாப்பிள்ளைப் பையன் ஒத்தக்கடையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து இறங்கினான். கேரியரில் சாக்கில் சுற்றிய மூட்டை. பிரித்தால் நம்ம ஸ்டவ். வாஷர் தேய்ந்து நூலாகியிருந்தது. பர்னரில் அல்வா.

முதலாளி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஜைத்தூன் அனுப்புச்சா தம்பி? ரொம்பக் கோவமா இருக்கா?" என்றார்.

"அது ஒண்ணும் சொல்லலைங்க. எங்க அம்மாதான் அனுப்புனாங்க" என்றான் பையன். "ஒத்தக்கடை பூரா இதைச் சுத்தி வந்துருச்சு. நேத்து அம்மாவுக்குக் காய்ச்சல், கஞ்சி வைக்க வீட்ல ஸ்டவ் இல்ல. பழையபடியே கறுப்படிச்சு வாங்கிட்டு வரச் சொன்னாங்க. தெருவுல கேட்டா, ராவுத்தர் ரிப்பேருக்கு எடுத்துக்கிட்டு இந்தத் தகரத்தைக் குடுத்துட்டார்னு சொல்லிக்கிறாங்களாம்."

முதலாளி சிரித்தார். தொப்பி நழுவி மடியில் விழுகிற வரை சிரித்தார். பிறகு என்னை விலகச் சொல்லிவிட்டு, மையவாடிப் பலகையிலிருந்து ஒரு செத்த ஸ்டவ்வை இறக்கி மாதிரிக்கு எதிரில் வைத்துக்கொண்டு, காதோரத்து பிரஷ்ஷை எடுத்துத் தானே கறுப்பு அடித்தார். காய்ந்ததும் சிவப்புக் கோடு இழுத்தார். நூல் பிடித்தது போல அவ்வளவு நேர்த்தியாக வந்தது.

"முதலாளி, தகர ஸ்டவ்வுல கோடு இப்படி இருக்காது. கொஞ்சம் கோணலா வரணும்" என்றேன்.

துடைத்துவிட்டு மறுபடி இழுத்தார். மறுபடியும் நேராகத்தான் வந்தது. மூன்றாவது முறை பிரஷ்ஷை என் கையில் கொடுத்து, "நீ போடு மாப்ள, உனக்குத்தான் வரும்" என்றார்.

யுத்தம் முடிந்து மறுபடி சரக்கு வந்து, கடையில் மறுபடி டீயும் வாளித் தண்ணீரும் ஆரம்பித்தன. விலை கேட்டு வருகிறவர்களை முதலாளி முன்போலவே உட்காரவைப்பார். ஆனால் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதை விட்டுவிட்டார்.

"உங்க தெருவுல எம்புட்டுப் பேரு?" என்பார். பதிலைக் கேட்டுக்கொண்டு, "பித்தளையாவே வேணுமா, கறுப்படிச்சுத் தரட்டுமா?" என்பார்.